உளவாளிகளுக்கு யார் கைதட்டுவது?

குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்தானே சுட்டீஸ்? ஒட்டகப் படை வரும், பீரங்கிகள் வரும், தலைக்கு மேலே விமானங்கள் வண்ணப் புகை விட்டபடி பறக்கும். எல்லாருக்கும் கைதட்டல் உண்டு. ஆனால், ராணுவத்துக்காக உளவு பார்ப்பவர்கள் மட்டும் 'நாங்கள்தான் அவர்கள்' என்று பேனர் பிடித்து நடந்து வருவதில்லை. வந்துவிட்டால் அப்புறம் என்ன உளவு!

நம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொதுவாக ஓர் உளவு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் பாதுகாப்பு உளவு முகமை. சுருக்கமாக டி.ஐ.ஏ. என்பார்கள். 2002 மார்ச்சில் தொடங்கப்பட்டது. 2027 மார்ச்சில் 25 ஆண்டு நிறைகிறது. உங்கள் பள்ளிக்கு வெள்ளி விழா என்றால் மலர் போடலாம், சாதனைகளை மேடையில் வாசிக்கலாம். இவர்கள் எதை வாசிப்பார்கள்? நடக்காமல் தடுத்த தாக்குதலைப் பற்றி வெளியே சொன்னால், எப்படித் தடுத்தோம் என்பதும் எதிரிக்குத் தெரிந்துவிடுமே!

ஆனால் இந்த அமைப்பு பிறந்த கதையைத் தாராளமாகச் சொல்லலாம். அது ஒரு வெற்றிக் கதை இல்லை. கோட்டைவிட்ட கதை.

1999 மே 3. லடாக்கில் கார்கில் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர், காணாமல் போன தன் யாக் எருமையைத் தேடிப் போனார். கையில் பைனாகுலர். அதில் எருமை தெரிவதற்குப் பதிலாக, மலை உச்சியில் பாறைகளை விலக்கிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் தெரிந்தார்கள். நம் ஆட்கள் மாதிரி இல்லையே என்று சந்தேகப்பட்டு, நேரே பக்கத்து ராணுவ முகாமுக்குப் போய்ச் சொன்னார்.

அங்கே கடும் பனிக்காலத்தில் உயரத்தில் உள்ள சில காவல் சாவடிகளைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்குவது வழக்கம். அந்த நேரம் பார்த்து பாகிஸ்தான் படையினர் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை விரட்ட ஜூலை 26 வரை போர் நடந்தது. நம் பக்கம் 527 வீரர்கள் உயிர் இழந்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அவர்களில் ஒருவர். மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்த அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இத்தனை பெரிய ஊடுருவல் உளவுத் துறைகளுக்கு முன்பே தெரியாதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. துண்டு துண்டாகத் தெரிந்திருக்கிறது!

ஒரு படத்தை வெட்டி, துண்டுகளை ஐந்து மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவர் துண்டை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது. அது யானையா, ரயிலா என்று யாருக்குத் தெரியும்? அப்போது தரைப்படைக்கு ஓர் உளவுப் பிரிவு, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. வெளிநாட்டு உளவுக்கு 'ரா'. உள்நாட்டுக்கு ஐ.பி. எல்லைக்கு அப்பால் நடக்கும் சில நடமாட்டங்கள் பற்றி ஐ.பி. தலைவர் 1998 ஜூன் 2-லேயே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். பிரதமருக்குப் போனது, உள்துறை அமைச்சருக்குப் போனது. ஆனால், அதை வைத்து மேலும் துப்புத் துலக்க வேண்டிய 'ரா' செயலருக்கும், ராணுவ உளவுப் பிரிவின் தலைவருக்கும் அனுப்பப்படவில்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? போர் முடிந்த மூன்றாம் நாளே, ஜூலை 29 அன்று, அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் கே.சுப்பிரமணியம். அவரும் திருச்சியில் பிறந்தவர்தான். குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ரகசியம் கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தாலும், தவறு எங்கே நடந்தது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. முப்படைக்கும் பொதுவாக ஓர் உளவு அமைப்பு வேண்டும் என்ற யோசனை அந்த விசாரணையின் தொடர்ச்சியாக வந்ததுதான். அதுவே டி.ஐ.ஏ.

ஜெயித்த நாடு 'நாங்கள்தான் ஜெயித்துவிட்டோமே' என்று சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருக்காமல் தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டது. போர்முனையில் காட்டிய துணிச்சலுக்கு இது குறைந்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுப்பிரமணியம் ஒரு விஷயத்தில் கறாரானவர். அதே 1999-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தார்கள். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடமிருந்து விருது வாங்கக்கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டார்!

சரி, கார்கிலில் உளவுத் துறைக்கு வெற்றியே இல்லையா? உண்டு. அப்போது பெய்ஜிங் போயிருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃப், தன் நாட்டில் இருந்த இன்னொரு தளபதியோடு போனில் பேசியதை 'ரா' பதிவு செய்துவிட்டது. மலையில் இருப்பவர்கள் யாரோ போராளிகள் என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்ததல்லவா? அது பொய் என்று காட்ட, ஜூன் 11 அன்று இந்தியா அந்தப் பேச்சை உலகத்துக்கே வெளியிட்டது. பலத்த கைதட்டல்! கூடவே ஒரு நஷ்டமும். எந்த வழியாக நாம் ஒட்டுக்கேட்கிறோம் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்குமே. வெளியிட்டது சரியா என்று இன்றைக்கும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள்.

டி.ஐ.ஏ. வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்வதும், முப்படைகளின் தகவல்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதும் அதன் முக்கிய வேலைகள். ஆனாலும் 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்கள் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். சீனப் படை குவிவதை முன்கூட்டியே கணித்திருக்கக் கூடாதா என்ற கேள்வி அப்போது மறுபடி எழுந்தது. கார்கிலுக்கு வந்ததுபோல ஓர் அறிக்கை இதற்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்படவில்லை. வெள்ளி விழாவில் பூங்கொத்து கொடுப்பவர்கள் கூடவே இந்தக் கேள்வியையும் கேட்டால், அந்த அமைப்புக்கு அவமரியாதை ஆகிவிடாது. அது பிறந்ததே அப்படித்தானே!

யாக் எருமையைத் தேடிப்போன தாஷி நம்கியால் 2024 டிசம்பரில் காலமானார். லே நகரில் இருந்து இயங்கும் ராணுவப் படைப்பிரிவு அவருக்கு அஞ்சலி செலுத்தியது. கார்கில் போர் முடிந்த கையோடு, 1999 செப்டம்பரில், அந்த எல்லையைக் காக்கவென்றே உருவாக்கப்பட்ட படைப்பிரிவு அது.