நம்ம பையன் விற்ற டப்பா

சென்ற மாதம் கிள்ளானில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வலது காலில் பெரிய கட்டு. புண் ஆறாமல் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

பதினைந்து வருடமாக அரசாங்க கிளினிக்கில் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்து வந்தவர். நான்கு மாதத்திற்கு முன் அதை நிறுத்தியிருக்கிறார். பசார் மாலாமில் ஓர் இளைஞர் விற்ற மூலிகைப் பொடிதான் காரணம். 'மூன்றே மாதத்தில் சர்க்கரை நோய் வேரோடு போகும், இனி மாத்திரை தேவையில்லை' என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். விலை 150 ரிங்கிட்.

"புகார் கொடுப்போம் பெரியம்மா" என்றேன்.

"வேணாம்பா. நம்ம பையன். கோர்ட்டு, கேசுன்னு போனா அவன் பொழப்பு என்னாவும்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "நீ அன்னைக்கு மைக்குல சொன்னதைத்தானே அவனும் சொன்னான்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வானொலிக்கு வந்த புதிதில் ஒரு தீபாவளிச் சந்தை மேடையில் அறிவிப்பாளராக நின்றேன். கடைக்காரர் ஒருவர் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா மூன்றையும் குணப்படுத்தும் லேகியமாம். அன்று மாலை ஐந்தாறு முறை, நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் பெரியம்மா.

சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் மெர்டேக்காவுக்கு ஒரு வயது மூத்தது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, குழந்தையின்மை என 20 நோய்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். விற்றவர் மட்டுமல்ல, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையிலாவது பங்கெடுத்தவரும் மாட்டுவார். தாளை வாசித்த நானும் அதில் அடக்கம்.

முதல் முறை பிடிபட்டால் 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இருபது டப்பா விற்றால் அபராதப் பணம் வந்துவிடும். ஆனால் பெரியம்மாவின் டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணே இல்லை. பதிவு செய்யாத மருந்தை விற்பது தனிக் குற்றம். அதற்குத் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: எம்ஏஎல் எண் இருந்தாலும் அந்தப் பாரம்பரிய மருந்து சர்க்கரையைக் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் தனியாக வேண்டும். அதன் அடையாளம் கேகேஎல்ஐயு எண். இன்று மருந்து விளம்பரம் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

சட்டம் இருந்தும் ஏன் இவர்கள் தப்பிக்கிறார்கள்? வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். நாமோ ஏமாந்த வெட்கத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டு, வாட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். டப்பா, ரசீது, விளம்பரப் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மிச்சமிருக்கும் பொடியையும் கொட்டாதீர்கள். பாரம்பரிய மருந்து என்று விற்ற பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதே ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். இவற்றை எடுத்துக்கொண்டு மாநில சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குப் போனால் புகாரை வாங்கிக்கொள்வார்கள்.

போன வாரம் மறுபடியும் கிள்ளானுக்குப் போனேன். டப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். மசாலா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதிப் பொடி அப்படியே இருந்தது.

"உன் பேர்ல கொடு. என் பேரு வேணாம்."

என் பெயரில் கொடுத்துவிட்டேன். ஆனால் வாங்கியதும் சாப்பிட்டதும் அவர்தான். "சாட்சிக்குக் கூப்பிட்டா வருவீங்களா?" என்று கேட்டேன்.

"கால் ஆறட்டும், பாப்போம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.