‘உங்க கம்ப்யூட்டர் பழசு சார்’

அப்டேட் போட்ட மறுநாள் கடையில் பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. சப்போர்ட்டுக்குப் போன் செய்தால் வரும் பதில்: “உங்க கம்ப்யூட்டர் பழசு சார், மாத்திடுங்க.” மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பதில் மேல் மரியாதை கிடையாது. பல நேரம் அது உண்மையும் இல்லை.

ஜாவா, டாட்நெட் போன்றவற்றில் எழுதிய மென்பொருள் பெரும்பாலும் தனியாக ஓடாது. அதை ஓட்டுவதற்கு வாடிக்கையாளர் கணினியில் ‘ரன்டைம்’ என்று இன்னொன்று வேண்டும். எழுதுகிறவர் மேஜையில் புத்தம் புதுப் பதிப்பு இருக்கும். கடைக்காரர் மேஜையில் 2014-ல் வந்த ஜாவா 8 இருக்கும்.

ஜாவாக்காரர்கள் பலர் மாட்டிக்கொண்ட ஒரு இடத்தைச் சொல்கிறேன். பைட்பஃபரில் ‘ஃபிளிப்’ என்று ஒரு சின்ன மெத்தட், பல காலமாக இருப்பதுதான். ஜாவா 9-ல் அது திருப்பித் தரும் வகையை மட்டும் லேசாக மாற்றினார்கள். நம் நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. புது கம்பைலரில் ‘டார்கெட் 8’ என்று சொல்லித் தொகுத்திருந்தாலும், ஜாவா 8 உள்ள கணினியில் அந்த வரி வந்ததும் ‘இப்படி ஒரு மெத்தடே இல்லை’ என்று நின்றுவிடும். ‘ரிலீஸ் 8’ என்று கொடுத்திருந்தால் கம்பைலர் பழைய ஜாவாவில் இருப்பதை மட்டும் பார்த்துத் தொகுத்திருக்கும். ஒரு சொல் வித்தியாசம், அவ்வளவுதான். இதில் கடைக்காரர் கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது?

அதற்காக எல்லாப் பழசையும் காலமெல்லாம் தாங்கவும் முடியாது. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது, பேட்ச் போடாத கணினிகள் வழியாகத்தான். இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள், டிபிஎம் 2.0 சிப்போ பட்டியலில் உள்ள பிராசஸரோ இல்லாததால் 11-க்குப் போக முடியாமல் நிற்கின்றன. ஈஸ்ட்ஹாமிலோ ஸ்கார்பரோவிலோ மளிகைக்கடை நடத்தும் நம்மவருக்கு இது ஒரு கணினியின் விலை மட்டும் இல்லை. பில் பிரிண்டர், ஸ்கேனர், பல வருடக் கடன் கணக்கு எல்லாம் கூடவே நகர வேண்டும். அதுவும் கடையை மூடாமல்.

நிறுவனங்கள் ரன்டைமை மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். சில பத்து எம்பி கூடும், ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவு. ஆனால் அந்த ரன்டைமுக்கான பாதுகாப்புத் திருத்தங்களையும் அவர்களே அனுப்ப வேண்டிவரும். தயக்கம் அங்கேதான். குறைந்தபட்சம் ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கணினியை வைத்து, ஒவ்வொரு அப்டேட்டையும் முதலில் அதில் ஓட்டிப் பார்க்கலாமே!

வாங்குகிறவர்கள் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். எந்தப் பதிப்பு வரை ஓடும்? அதை எப்போது நிறுத்துவீர்கள்? எத்தனை மாதம் முன்னால் சொல்வீர்கள்? இழுத்தடித்தால் வருடச் சந்தாவில் கையெழுத்துப் போடாதீர்கள், மாசா மாசம் கட்டினால் போதும்.