ஆலை உள்ள ஊரிலும் இலுப்பைப்பூ

அன்பு வாசகர்களுக்கு,

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி பிறந்திருக்கும். போன பங்குனியில் நான் காய்ச்சிய பாகு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது. இன்னும் நாலு ஸ்பூன்தான் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொட்டு நக்கக் கொடுத்தால் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்: “சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?”

ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. அது முழுக்க இலுப்பைப்பூ.

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்ற பழமொழியை நாம் எல்லோருமே யாரையாவது மட்டம் தட்டுவதற்குப் பயன்படுத்தியிருப்போம். ஆலை என்றதும் இன்று நமக்குப் புகைபோக்கி வைத்த சர்க்கரை ஆலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பழமொழி சொல்லும் ஆலை, மாடு பூட்டிக் கரும்பு பிழிந்த ஆலை. அது இல்லாத ஊரில் இனிப்புக்கு இந்தப் பூ என்பதை அந்தக் காலத்தில் நடந்த விஷயமாகவே சொல்லியிருக்கிறார்கள். கேலி அதன் மேல் பிறகு ஏறிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பூவின் ருசி மறந்தது, வசவு மட்டும் தங்கிவிட்டது.

எனக்கும் அதன் ருசி தெரியாமல்தான் இருந்தது. போன வருஷம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் குளத்துக்கரைப் பக்கம் ஒரு கனத்த வாடை வந்தது. நல்ல வாசனை என்று துணிந்து சொல்லிவிட முடியாது. உலர் திராட்சை டப்பாவைத் திறந்த மாதிரி, கொஞ்சம் எலிவளை மாதிரியும்கூட. மரத்தடி முழுக்க வெளிறிய மஞ்சளில் சின்னச் சின்ன உருண்டைகள். சாம்பார் வெங்காயத்தைவிடச் சிறியவை, சதைப்பற்றுள்ளவை. மேலே பழந்தின்னி வௌவால்கள் அப்போதுதான் கலைந்து போயிருந்தன. இலுப்பை இரவில் பூக்கும் மரம். அந்த வாடையும் வௌவால்களை அழைக்கத்தான். மகரந்தம் சேர்க்கும் வேலை முடிந்ததும் பூ விடியலில் கொட்டிவிடுகிறது.

“இப்படிப் பூவை அள்ளிட்டுப் போனா காய் எப்படிப் பிடிக்கும்?” என்று கேட்டேன். அத்தை ஒரு பூவை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். “இங்க பாரு, அடியில ஓட்டை தெரியுதா? காய் பிடிக்கிற பாகம் மரத்துலயே நின்னுக்கிச்சு. இது வெறும் சட்டைதான், கழண்டு விழுந்திருக்கு.”

அத்தை சொன்னது சரிதான். மற்ற மரங்களில் பூவைப் பறித்தால் காய் போகும். இலுப்பையிலோ விழுந்த பூவைப் பொறுக்கிய பிறகும் காய் வரும், கொட்டை வரும், கோயில் விளக்குக்கு எண்ணெய் வரும், தலைக்குத் தேய்க்கப் பிண்ணாக்கும் வரும்.

முதல் நாள் பொறுக்கியதைப் பாலிதீன் பையில் கட்டிவைத்து, மறுநாள் மத்தியானம் அடுப்பில் ஏற்றலாம் என்றிருந்தேன். பையை அவிழ்த்ததும் சாராய நெடி. அத்தை சிரித்துவிட்டு மொத்தத்தையும் எருக்குழியில் கொட்டச் சொன்னாள். ஈரமும் இனிப்பும் இவ்வளவு இருக்கும் பூ வெயில் காலத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. அன்றே காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் பாயில் பரப்பிக் காய வைக்க வேண்டும். காய்ந்தால் கிஸ்மிஸ் மாதிரி சுருங்கிப் பழுப்பாகிவிடும். அந்தக் காய்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

இரண்டாவது முறை சரியாக வந்தது. விடியலில் பொறுக்கிய பூ இரண்டு கிலோ. ஒவ்வொன்றையும் பிதுக்கி, உள்ளே நார் மாதிரி இருக்கும் மகரந்தத் தாள்களை எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் தொண்டையில் அறுக்கும். பொறுமையைச் சோதிக்கிற வேலை இது ஒன்றுதான், இரண்டு பேர் பேசிக்கொண்டே செய்தால் தெரியாது. மண் போக ஒரு தடவை அலசினால் போதும், ஊற வைத்தால் இனிப்பு தண்ணீரோடு போய்விடும். அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். பூ கண்ணாடி மாதிரி ஆகித் துவண்டதும் இறக்கி, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். வடித்த சாற்றை வாய் அகன்ற பாத்திரத்தில் மறுபடி ஏற்றி, நுரையை எடுத்துக்கொண்டே வற்ற விடுங்கள். வெல்லப்பாகு மாதிரி கம்பிப் பதம் வரும் என்று காத்திருந்தால் அடிபிடித்துக் கசந்துபோகும். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்கிறதா, அது போதும். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அந்த எலிவளை வாடையும் அடங்கும்.

இரண்டு கிலோ பூவுக்குக் கிடைத்தது ஒன்றரை டம்ளர் பாகு. கேழ்வரகு அடைக்கும் புட்டுக்கும் இதற்கு இணை இல்லை என்பது என் கட்சி. காபியில் மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள், இரண்டும் கெடும்.

சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா காட்டுப் பகுதிகளில் இந்தப் பூ ஆதிவாசிக் குடும்பங்களின் சாப்பாடும் வருமானமும். மஹுவா என்பார்கள். காய்ந்த பூவை வறுத்து இடித்து லட்டு பிடிப்பார்கள், சாராயமும் வடிப்பார்கள். அந்தச் சாராயத்தைக் கண்டு பயந்தோ, வரி போகிறதே என்றோ, ஆங்கில அரசு பம்பாய் மாகாணத்தில் 1892-ல் இந்தப் பூவுக்கென்றே ஒரு சட்டம் போட்டது! உதிர்ந்த பூ கண்ணில் படவேண்டும் என்று மரத்தடிச் சருகுக்குத் தீ வைப்பது அந்தக் காட்டுப் பகுதிகளில் பழைய வழக்கம். அது சில சமயம் காட்டுத் தீயாகிவிடுகிறது. இப்போது சில இடங்களில் மரத்தடியில் வலை கட்டிப் பூவை ஏந்துகிறார்கள். கரடிகளும் இந்தப் பூவுக்கு அலையும். நம் அகநானூற்றிலும் இருப்பை என்ற பழைய பெயரோடு இந்த மரம் நிற்கிறது, அங்கேயும் கரடி வந்து பூவைத் தின்கிறது.

அத்தை ஊரில் ஒரு காலத்தில் சாலை நெடுக இலுப்பைகள் நின்றனவாம். சாலை அகலமானபோது அவை போய், இப்போது குளத்துக்கரையில் இரண்டே மரங்கள். இலுப்பூர், இலுப்பைக்குடி, இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே இந்த மரத்தின் பெயரை வைத்தவர்கள் நாம்.

இதைப் படித்துவிட்டுக் காய்ச்ச இறங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லாரிப் புகை படிகிற மரத்தடியில் பொறுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பூவில் வந்தது என்று நம்பி ஏமாற வேண்டாம், இதுவும் சர்க்கரைதான்.

உங்கள் ஊரில் இலுப்பை மரம் நிற்கிறதா? எந்தக் கோயில், எந்தக் குளக்கரை, எத்தனை மரம் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வருகிற கடிதங்களை வைத்து வைகாசி இதழில் ஊர்வாரியாக ஒரு பட்டியல் போடலாம் என்றிருக்கிறோம். பட்டியலின் முதல் வரியில் அத்தையின் இரண்டு மரங்களை எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்