சின்னத் தொட்டி, பெரிய வில்லங்கம்

"நாப்பது லிட்டர்தான் சார். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சுலபம்."

வெளிநாட்டில் மீன் கடைக்குள் நுழையும் நம்மாட்கள் காதில் முதலில் விழும் வசனம் இது. 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்தாலும் வந்தது, பிள்ளைகள் கடல்மீன் கேட்பது நின்றபாடில்லை. அப்பாவும் கார்டைத் தேய்த்து தொட்டி, உப்பு, மீன், பவளம் எல்லாம் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறார். பத்தே நாளில் மீன் மிதக்கும், பிள்ளை அழும், கடைக்காரர் அடுத்த மீனை விற்பார்.

அந்த வசனம் பச்சைப் பொய் என்பது என் கட்சி. நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. சொந்த ஊர் சித்தூர் பக்கம் குடிபாலா. கடலுக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம். ஆனால் கணக்கு வரும். போட்டுப் பார்ப்போமா?

1. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால் தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். 35 என்பது 37-ஐ நெருங்கிவிடும். 200 லிட்டரில் 2 லிட்டர் போனால் 35.4 கூட ஆகாது. பெரிய தொட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே ஆவியாகும், ஆனால் விகிதம் குறைவு. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்; மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

2. பாறை இடுக்கில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், அதன் அம்மோனியா சின்னத் தொட்டியில் ஐந்து மடங்கு அடர்த்தி. ரிசர்வ் இல்லாத கம்பெனி ஒரு செக் திரும்பினாலே கவிழ்கிற மாதிரிதான்.

3. இன்றைக்கே மீன் விடலாம் என்பது அடுத்த பொய். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் மீன்.

4. நம் கேஸில் முக்கியமானது: வருஷா வருஷம் ஒரு மாசம் ஊருக்குப் போகிறோமே, அப்போது தினம் யார் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்து வீட்டுக்காரரா? அவரும் ஊருக்குப் போயிருப்பார் :-)

"வாடகை வீட்டில் பெரிய தொட்டிக்கு எங்கே போவது?" என்பீர்கள். நியாயம். 200 லிட்டர் என்றால் தண்ணீரே 200 கிலோவுக்கு மேல். இடமில்லையா, நன்னீர் தொட்டியில் கப்பி வளர்க்கலாமே. யார் கௌரவம் குறைந்துவிடும்?

ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்தத் தொட்டிக்குள் போவது பொம்மை இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி, அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. கல் பவளம் சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையிலும் இருக்கிறது. சித்தப்பா வீட்டு ஷோகேஸுக்கு ஒரு துண்டு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் ஏர்போர்ட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசை விடவில்லையா? சரி, கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா?" நீமோ மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் மண்டபத்திலேயே செய்து காட்டியிருக்கிறது. பண்ணை மீன் இருக்கும்போது கடல் மீன் எதற்கு? பதில் மழுப்பலாக வந்தால் பர்ஸை மூடிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பி.கு.: நீமோவின் தோழி டோரி 30 செ.மீ. வரை வளரும். அதை 40 லிட்டரில் விடச் சொல்லும் கடைக்காரரை அதே தொட்டியில் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.