எல்லா எழுத்துக்கும் ஒரே சீட்: 'கூரியர் போல்ட்' இன்னும் ஏன் தேவை?

ஹாலிவுட் திரைக்கதையின் ஒரு பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். கோடிகள் புரளும் இடம். ஆனா, எழுத்து மட்டும் ஏன் பழைய டைப்ரைட்டரில் அடிச்ச மாதிரி இருக்கு?

அந்த எழுத்துருவின் பெயர் கூரியர். 1950-களில் ஐபிஎம் நிறுவனத்தின் தட்டச்சு இயந்திரங்களுக்காக ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்தது. ஐபிஎம் இதற்குத் தனியுரிமை கொண்டாடாமல் விட்டதால், மற்றவர்களும் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். ஆங்கிலத்தின் ஒல்லி 'ஐ'-க்கும் குண்டு 'எம்'-முக்கும் ஒரே சைஸ் சீட். அந்தச் சீட்டில் 'ஐ' வெறும் குச்சியாக நின்றால் இரண்டு பக்கமும் ஓட்டை தெரியும். அதனால்தான் அதன் தலையிலும் காலிலும் பட்டையான கட்டைகள். அழகுக்காக மட்டும் இல்லை, இடத்தை அடைக்கவும்தான்.

சரி, போல்டுக்கு வருவோம். மற்ற எழுத்துருக்களைத் தடிமனாக்கினால் பொதுவாக எழுத்து பக்கவாட்டில் விரியும். வரி நீளும், கடைசி வார்த்தை அடுத்த வரிக்குத் தள்ளப்படும். கூரியரில் அந்த வேலையே கிடையாது. 12 பாயின்ட் அளவில் ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்துகள். போல்டிலும் அதே 10. டைப்ரைட்டர் காலத்து வழக்கமும் இதுதான்: ஒரு எழுத்தை அடித்து, பின்னால் நகர்த்தி, அதன் மேலேயே இன்னொரு முறை அடிப்பார்கள். எழுத்து கறுக்கும், நகராது.

திரைக்கதைக்காரர்களுக்கு இது வெறும் பழைய பாசம் இல்லை. கூரியரில் ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம். 120 பக்கம் என்றால் இரண்டு மணி நேரப் படம். பக்கத்தை எட்டுப் பாகமாகப் பிரித்து, எந்தக் காட்சி எத்தனை பாகம் என்று எண்ணித்தான் படப்பிடிப்பு அட்டவணை போடுகிறார்கள். காட்சித் தலைப்புகளை போல்டில் போட்டாலும் இந்தக் கணக்கு அசையாது. 'பார்க்க நல்லா இல்லை' என்று எழுத்துருவை மாற்றச் சொல்பவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் பட்ஜெட்டை மறந்துவிடுகிறார்கள்.

குறையே இல்லையா? இருக்கு. கம்ப்யூட்டரில் வரும் 'கூரியர் நியூ' ரொம்பவே மெலிசு. ரிப்பனின் மை காகிதத்தில் பரவித்தான் டைப்ரைட்டர் எழுத்துக்குச் சதை வந்தது. டிஜிட்டலாக்கியபோது அச்சில் இருந்த மெல்லிய கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதைச் சரிக்கட்டப் பக்கம் முழுக்க போல்டில் போடுவது தப்பான வைத்தியம். அகலம் கூடாததால் தடிமன் உள்பக்கமாகத்தான் ஏறும். 'எம்', 'டபிள்யூ' இரண்டும் மூச்சு முட்டும். அதைவிட, திரைக்கதை ஆசிரியர் ஜான் ஆகஸ்ட் முயற்சியில் 2013-ல் வந்த 'கூரியர் பிரைம்' நல்ல வழி. கொஞ்சம் சதைப்பிடிப்பானது, இலவசம். போல்ட் தலைப்போடு நின்றால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கூரியர் வேண்டவே வேண்டாம்: பாஸ்வேர்டு அச்சிட்டுக் கொடுக்கும் இடம். இதில் 'ஒன்று' என்ற எண்ணும் சின்ன 'எல்' எழுத்தும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். போல்டில் போட்டாலும் அம்மாவுக்கே குழப்பம்தான்.