எதிர்வணக்கம்

நுழையும்முன்
கைகூப்பும் வழக்கத்தில் பணிவும் உண்டு, படிநிலையும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தூண்டுகிறது இக்கட்டுரை.

இரு கைகளையும் குவித்து வணங்குதல் ஆசிய மக்கள் பலருக்கும் பொதுவான வழக்கம். யார் முதலில் வணங்குகிறார், யார் எதிர்வணக்கம் செய்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அச்செயலின் பொருள் அமைகிறது.

தாய்லாந்து மக்கள் இதனை 'வை' என்பர். அகவையிலோ பதவியிலோ இளையவரே முதலில் வணங்குதல் வேண்டும். ஒத்தவரை வணங்குகையில் கட்டைவிரல்கள் மோவாயருகே நிற்கும்; பெற்றோர், ஆசிரியர் முன் மூக்கு நுனிவரையும், பௌத்தத் துறவியர் முன் புருவ நடுவரையும் உயரும். துறவியர் பதிலுக்குக் கைகூப்புவதில்லை. கைகளின் உயரத்தைக் கண்டே இருவரின் சமூக நிலையை உணர்ந்துவிடலாம்.

தமிழகத்திலும் இத்தகைய அளவுகோல் உண்டு. இறைவனைத் தலைமேலும், ஆசிரியரை முகத்துக்கு நேராகவும், ஒத்தாரை மார்புக்கு நேராகவும் கைகுவித்து வணங்குவர். அன்பின் வெளிப்பாடாக இருக்கும்வரை இதில் குறையில்லை. பிறப்பே அளவுகோலானபோது அது கொடுமையாயிற்று. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு, உழைக்கும் மக்கள் நிலவுடைமையாளர்முன் நிற்க நேர்ந்தது. அங்குக் குவிந்த கைகளில் அச்சமே இருந்தது. தோளில் துண்டணிதல் சுயமரியாதையின் அடையாளமானது இதனால்தான். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை மனமும் ஒழித்தல் வேண்டும்.

இதற்கான வழியைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரம் காட்டுகிறது. இராமாநுசரின் மாணவரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. அவரை முக்குறும்பைக் கடந்தவர் எனப் போற்றுகிறது திருவரங்கத்தமுதனாரின் இராமாநுச நூற்றந்தாதி. செல்வம், கல்வி, குலம் ஆகியவற்றால் விளையும் செருக்குகளே முக்குறும்பு என்பர் உரையாளர். இம்மூன்றையும் பெற்றிருந்தும் அவர் செருக்கின்றி வாழ்ந்தார். வைணவ அடியார் இருவர் சந்தித்தால், ஒருவரையொருவர் விழுந்து வணங்குவது மரபு. இருவரும் தம்மை 'அடியேன்' என்றே சொல்லிக்கொள்வர். யார் பெரியவர் என்னும் வினாவே அங்கு எழுவதில்லை. இந்நெறி கோயிலைக் கடந்து தெருவிலும் வயலிலும் முழுமையாகப் பரவாமற்போனது வருந்தத்தக்கது.

பெரியோர் பதிலுக்கு வணங்கினால் மதிப்புக் குறையாதா எனச் சிலர் வினவலாம். பெருமை உடையோரிடம் எந்நாளும் பணிவு இருக்கும் என்பது வள்ளுவர் காட்டும் விடை. எதிர்வணக்கம் ஒரே உயரத்தில் அமையவேண்டும் என்பதில்லை. ஒரு தலையசைப்பும் ஒரு வாழ்த்துச் சொல்லும் போதும். வணங்கியவர் கவனிக்கப்பட்டார் என்பதே முதன்மையானது.

பள்ளி வாயிலில் மாணவர்கள் ஆசிரியரை வணங்குகின்றனர். அதே வாயிலில் நிற்கும் துப்புரவுப் பணியாளரையும் சத்துணவு சமைக்கும் அம்மையாரையும் எத்தனை பேர் வணங்குகின்றனர்? அகவைதான் அளவுகோல் எனில், அவர்களும் மூத்தோரே. அவர்களைக் கடந்து செல்லும் கைகள் பதவியை மட்டுமே வணங்குகின்றன. மாணவர்கள் அவர்களுக்கும் முதல் வணக்கம் சொல்லட்டும்; மாணவர் சொல்லும் வணக்கத்துக்கு ஆசிரியர்களும் தவறாது மறுமொழி சொல்லட்டும்.