முன்தலைப் பற்று, பின்தலை வரவு

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் வாசலிலேயே பினாயில் நெடி ஆளைத் தூக்கும். இப்போது 'ஸ்கின், ஹேர் அண்ட் வெல்னஸ்' என்று போர்டு போட்ட கிளினிக்கில் நுழைந்தால் ஊதுபத்தி, புல்லாங்குழல், புதினா மிதக்கும் தண்ணீர். ஒரு ரூமில் ஆயுர்வேத எண்ணெய், அடுத்ததில் லேசர், மூன்றாவதில் டிரிப்ஸ். உடம்புக்கு ஒண்ணுமில்லாதவர்தான் இங்கே பேஷன்ட்!

கேலி செய்யவில்லை, சார். முப்பது வயதில் சீப்போடு கொத்தாக முடி வந்தால், அதுவும் பெண் பார்க்கப் போகிற வாரத்தில் வந்தால், யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பி.காம். புத்தி கணக்குப் பார்க்காமல் விடுமா?

பி.ஆர்.பி. என்று ஒன்று. உங்கள் ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து உங்கள் தலையிலேயே ஊசியால் ஏற்றுவார்கள். கச்சாப் பொருள் உங்களுடையது, வாங்குபவரும் நீங்களே! சிலருக்குப் பலன் தெரிகிறது. எல்லோருக்கும் தெரியும் என்று நேர்மையான டாக்டர் யாரும் எழுதித் தரமாட்டார்.

முடி நடுவதில் புதிதாக ஒரு மயிர்க்கால்கூட உற்பத்தியாவதில்லை. பின்னால் இருப்பதைப் பெயர்த்து முன்னால் நடுகிறார்கள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. ஐந்தொகையில் மொத்தம் கூடாது.

மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர, 1988-ல் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்கு வேலை செய்கிறது. நிறுத்தினால் சில மாதங்களில் வந்தது போய்விடும். ஆயுள் சந்தா!

சிவப்பாவதற்கு குளுட்டாதயோன் டிரிப்ஸாம். நம் உடம்பே தயாரிக்கிற சரக்கு அது. நிறத்தை வெளுக்க வைக்கவென்று எந்த ஊசிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. இங்கே 'மணமகன் பேக்கேஜ்' போட்டு ஏற்றுகிறார்கள்.

பணம் போனால் இ.எம்.ஐ. கட்டித் தொலைக்கலாம். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். மயக்க மருந்தும் கத்தியும் புழங்குகிற இடம்யா அது, சலூன் இல்லை. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வதெல்லாம் இதற்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்களுக்கு எழுத்திலேயே சொல்லவேண்டி வந்தது. படித்ததும் எனக்கு மிச்சமிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர் போன மாதம் அப்படி ஒரு கிளினிக்குக்குப் போனார். கவுன்சிலர் அம்மணி அவர் மண்டையைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். நிலாவில் இறங்கிய மாதிரி இருந்ததாம்.

"எட்டு சிட்டிங் சார். ஈஸி இன்ஸ்டால்மென்ட்!"

"சரிம்மா. ஊசி போடப்போறது யாரு? ஸ்கின் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா? அவர் ரிஜிஸ்டர் நம்பர் என்ன? இப்ப அவரைப் பார்க்கலாமா?"

அம்மணியின் புன்னகை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

"இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா ஒரு ஃபேஷியல் ஃப்ரீ, சார்!"